ஐந்தாம் கலயம்

அத்தியாயம் பதினான்கு

அப்புசாமியைப் பாழுங்கிணற்றுக்குள் போட்டுவிட்டு, போன வாரம் நான் பாட்டுக்குப் பேனாவை மூடிவிட்டேன். எத்தனை வீட்டில் என்னைத் திட்டினார்களோ! பயப்பட வேண்டாம், பையன் உயிரோடு இருக்கிறான். திங்கட்கிழமை விடிந்ததும் ஆடு ஓட்டிப் போனவர்கள் காதில் அவன் குரல் விழுந்தது. கயிற்றுக் கட்டிலை இறக்கித் தூக்கினார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, மூன்று மாதம் கால் தரையில் படக் கூடாது என்றார்.

"பொறகு ஓடலாமுங்களா?" என்று கேட்டான் அப்புசாமி.

"மொதல்ல நடக்கலாம் சாமி" என்று சொல்லிவிட்டு வைத்தியர் எழுந்து போனார்.

இருபத்திரண்டு வயதுப் பையன். கஞ்சமலை அடிவாரத்தில் அவனை ஓடிப் பிடித்தவன் ஒருவன் இல்லை.

இன்றைக்குப் புதன்கிழமை. மூன்று நாளாக அந்த வீட்டில் உலை கொதித்ததைவிட மனசு கொதித்தது அதிகம். தாய் சென்னியம்மாளுக்கு, 'என் மகன் காலை முறித்தவன் இவன்' என்று கைகாட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. மூத்த மகன் ராசப்பன் அந்த ஆளைக் காட்டிக் கொடுத்தான். அவர்கள் காட்டில் வேலை செய்கிற மாதையன்.

புதிதாக இந்த வாரம் படிக்க வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ராசப்பன் திருச்சியில் காலேஜில் படித்தபோது சாரணர்களோடு சுற்றிக் கற்றுக்கொண்டதை ஊருக்குக் கொண்டுவந்து தொடங்கியதுதான் கஞ்சமலைத் திசைமுள் சங்கம். காட்டிலும் மேட்டிலும் ஆறு இடத்தில் மண்கலயம் ஒளித்து வைத்திருப்பார்கள். இரண்டிரண்டு பேராகப் புறப்பட்டு, கையில் உள்ள படத்தையும் திசைமுள்ளையும் பார்த்து ஒவ்வொரு கலயமாகக் கண்டுபிடிக்க வேண்டும். கலயத்துக்குக் கலயம் வேறு வேறு விதை. ஒவ்வொன்றிலும் ஒரு விதை எடுத்துக்கொண்டு முதலில் திரும்புகிறவர்கள் ஜெயித்தவர்கள்.

இதில் யாருக்கும் கூலி கிடையாது. படம் வரைகிறவர், கலயம் வைக்கிறவர், தலை எண்ணுகிறவர் எல்லாருமே சொந்த வேலையைப் போட்டுவிட்டு ஆசைக்கு வருகிறவர்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம் புளிச்சோறு உண்டு. அதைக் கட்டுவது ராசப்பனின் மனைவி சௌந்திரம். விதைகளைப் பிரித்து, எந்தக் கலயத்துக்கு எது என்று சீட்டு எழுதுவதும் அவள்தான்.

சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. முதல் நாள் ஒருவன் கலயங்களை வைக்க வேண்டும், அது முன்னடை. கால்தடம் பார்த்து யாரும் வழி பிடித்துவிடக் கூடாது என்பதற்காக அவன் ஆறாவது இடத்தில் தொடங்கித் தலைகீழாக வருவான். பிறகு இன்னொருவன், படமும் முள்ளும் மட்டும் வைத்துக்கொண்டு, போட்டிக்காரர்கள் போகிற மாதிரியே ஒன்றிலிருந்து ஆறு வரை நடந்து, கலயத்துக்கு ஒரு விதை கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். அது பின்னடை. பின்னடை முடியாமல் போட்டி கிடையாது.

கஞ்சமலை இரும்பு மலை. மலையடியில் திசைமுள் ஒரு நிலையில் நிற்காது. முன்னடைக்குப் போன மாதையன் மலைப்பக்கமிருந்து வந்ததால், ஐந்தாவது கலயத்தை வைக்க வேண்டிய பாறையை விட்டு இரண்டு பர்லாங் தள்ளி வேறு பாறையில் வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை முப்பத்து நாலு பேரும் சரியான பாறையைச் சுற்றித் தேடி, கிடைக்காமல் மற்றவர்கள் சலித்துத் திரும்பினார்கள். ஜோடி ஆளும் திரும்பிய பிறகு விடாப்பிடியாகத் தேடியவன் அப்புசாமி ஒருவன்தான். இருட்டுகிற நேரத்தில் கால் வைத்த இடத்தில் தரை இல்லை.

பின்னடை ராசப்பனுடையது. அவன் சொல்வது இதுதான்: "சனிக்கெழம சாயந்தரம் நான் பாத்தப்ப கலயம் சரியான எடத்துல இருந்துச்சு. வெதையும் எடுத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் அவந்தான் நவுத்தியிருக்கான். வெளையாட்டுக்கோ வஞ்சத்துக்கோ, ஆரு கண்டது?"

இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இன்றைக்கு நாலு மணிக்கு வாசலில் சங்கம் கூடி மாதையனை விலக்கப் போகிறது. சென்னியம்மாளோ அதோடு விடுகிறவள் இல்லை. தங்கள் காட்டோரம் இருக்கும் அவன் குடிசையைப் பொழுது இறங்குவதற்குள் பிரித்துப் போட ஆள் சொல்லி அனுப்பிவிட்டாள்.

காலையில் சௌந்திரம் புழக்கடையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். மாதையன் மனைவி அத்தாயி வேலியோரம் வந்து நின்றாள். அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்தாள் சௌந்திரம். அத்தாயி மடியிலிருந்து ஒரு கலயத்தை எடுத்துக் கல்லின்மேல் வைத்தாள்.

"சங்கத்துச் சாமானுங்க அம்மிணி. நேத்துப் புல்லறுக்கப் போன எடத்துல கெடந்துச்சு. அதையும் திருடிப்போட்டோம்னு நாளைக்கு ஒரு பேச்சு வர வேண்டாம்."

கலயத்தின் வயிற்றில் சுண்ணாம்பால் ஐந்து என்று எழுதியிருந்தது. மூடியிருந்த துணி கட்டுப் பிரியாமல் இருந்தது. சௌந்திரம் கையைத் துடைத்துக்கொண்டு அவிழ்த்தாள். உள்ளே புங்கங்கொட்டை.

அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அவள் போட்ட கொட்டைதானே, இருக்க வேண்டியதுதான். அப்புறம்தான் சீட்டு நினைவுக்கு வந்தது.

ஐந்தாவது கலயத்துக்கு அவள் சீட்டில் எழுதியது குந்துமணி. வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று அதை எடுத்து வாயில் போடப் போக, "வெசத்த வாசல்ல பரத்தி வெச்சிருக்கறா பாரு" என்று மாமியார் கத்தினாள். மறுநாள் விடியலில் மாதையன் புறப்படும்போது சௌந்திரம் குந்துமணியை வாங்கிக்கொண்டு புங்கங்கொட்டையைக் கொடுத்தாள். சீட்டைத் திருத்த மறந்துவிட்டாள்.

அந்த விடியலில் நடந்த இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. மாதையன் அவள் எதிரில்தான் ராசப்பனிடம் சொன்னான்: "மலையடியில முள்ளு ஆடுதுங்க எசமான். அஞ்சாவது மட்டும் எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க." ராசப்பன் அவன் தோளில் தட்டி, "நீ வெச்சுட்டு வா, பின்னடையில நான் பாத்துக்கறேன்" என்றான்.

"இரு, இங்கயே இரு" என்று அத்தாயியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சங்கத்துத் தகரப்பெட்டி உள்ளறையில் இருந்தது. சனிக்கிழமை ராசப்பன் ஒப்படைத்த துணி முடிச்சு மேலாகவே கிடந்தது. புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, ஆமணக்கு, இலந்தை, நாவல், எல்லாம் இருந்தன. அவற்றின் நடுவில் சிவப்பாக ஒரு குந்துமணி.

சீட்டைப் பார்த்து, அவளுடைய அடுக்களை டப்பாக்களிலிருந்தே ஆறு விதையைப் பொறுக்கி முடிந்திருக்கிறான் மகாராஜன். ஐந்தாவது கலயம் இருந்த பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எந்தக் கலயத்தையும் பார்க்கவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. திருடுவதற்குக்கூட ஊரில் மானம் பார்ப்பார்கள். இவன் தன் பொய்யைக் காப்பாற்ற, எச்சரித்தவன் தலையிலேயே பழியைத் தூக்கி வைத்துவிட்டு மூன்று நாளாகத் தம்பி கட்டிலருகில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்கிறான்!

மத்தியானம் ராசப்பன் சாப்பிட உட்கார்ந்தான். சௌந்திரம் சோறு போட்டாள், பருப்பு ஊற்றினாள். இலைக்குப் பக்கத்தில் இரண்டு விதைகளை வைத்தாள்.

"என்ன இது?"

"செவப்பு நீங்க கொண்டாந்ததுங்க. மத்தது அஞ்சாவது கலயத்துல இருந்தது. சனிக்கெழம வெள்ளென நானே மாத்திக் குடுத்தேன்."

அவன் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு, கோபமாகக் கேட்டான்:

"மாத்துனத எங்கிட்ட ஏன் சொல்லல?"

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு அது.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? டப்பாவுல இருந்து புங்கங்கொட்டைய எடுத்திருப்பீங்க!"

"கத்தாத. ஆத்தா காதுல உழுகும்."

"சனிக்கெழம எங்க இருந்தீங்க?"

"சேலத்துல. ஜில்லா போர்டு மெம்பரக் கூப்பிடப் போனேன். அவரு காக்க வெச்சுப்போட்டாரு. போட்டோக்காரனப் பாக்கணும், தெக்கக் குடுத்த கோட்ட வாங்கணும். வரப்பவே பொழுது எறங்கிருச்சு. மாதையன் வெச்சாச் சரியாத்தான் இருக்கும்னு..."

"சரியா இல்லீன்னு அவந்தான் உங்ககிட்டச் சொன்னானே! நாங் கேட்டுட்டுத்தான இருந்தேன்!"

ராசப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு கெஞ்சலாக, "அப்பு மொகத்துல நான் எப்பிடி முழிக்கறது சௌந்திரம்? ஆத்தா என்னைய உசுரோட உடுவாளா? மாதையனுக்கு நான் பொறகு ஏதாச்சும் பண்ணிக் குடுக்கறேன்" என்றான்.

"பொறகு எங்க போய்க் குடுப்பீங்க? ஊடு இன்னைக்கே போவுது."

அவன் இரண்டு விதையையும் இலைக்கு அடியில் தள்ளினான்.

"நாலு மணிக்கு நீங்களே சொல்லிப்போடுங்க" என்றாள் அவள். "நீங்க சொன்னா அது தப்பு. நாஞ் சொன்னா அது மானக்கேடு. எது வேணும்னு பாத்துக்கங்க."

அவன் பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். சௌந்திரம் இரண்டு விதையையும் எடுத்து, வந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள். மனசைத் திடப்படுத்திக்கொள்ளத்தான் போகிறான் என்று அந்தப் பைத்தியக்காரி நம்பினாள். ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அல்லவா, கொஞ்சம் நம்பிக்கை மிச்சம் இருக்கத்தானே செய்யும்.

நாலு மணிக்கு வாசலில் இருபது பேர் கூடினார்கள். நாமகிரிப்பேட்டையிலிருந்துகூட இரண்டு பேர் பஸ் ஏறி வந்திருந்தார்கள். காரியதரிசி சுவாமிநாதன், சங்கத்துப் பெட்டி வைத்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். அடிவாரத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ராசப்பன் அந்தப் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சென்னியம்மாள் படியில் நின்றாள். முன்னறைச் சன்னலோரம் கட்டிலில் அப்புசாமி. கதவுக்குப் பின்னால் சௌந்திரம்.

மாதையன் வெயிலில் நின்றான். அவனை யாரும் நிழலுக்கு வரச் சொல்லவில்லை.

சுவாமிநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மாதையா, உம்மேல சொல்ற குத்தத்துக்கு நீ என்ன சொல்றே?"

"நாந்தானுங்க நவுத்தி வெச்சேன்" என்றான் மாதையன்.

சௌந்திரம் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம காத்தாலைங்க."

"எதுக்கு?"

"சும்மாதானுங்க."

சென்னியம்மாள் படியிலிருந்தே காறித் துப்பினாள். "சும்மாவாம்! எம்பையன் காலு இவனுக்குச் சும்மாவாம்!"

சௌந்திரம் புருஷனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. ஆனால் அவன் தோள் தளர்ந்து இறங்கியது, பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்தவன் மாதிரி. மத்தியானம் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கே போனான் என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. தப்பை ஒப்புக்கொள்ளத் தைரியம் தேடிப் போகவில்லை. ஒப்புக்கொள்ள வேறு ஆள் பிடிக்கப் போயிருக்கிறான்.

அதற்குமேல் அவள் கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை.

"பொய்யிங்க வாத்தியாரே" என்று சொல்லிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "ஞாயித்துக்கெழம காத்தால கோழி கூப்படறதுல இருந்து நீங்க ஊதல் ஊதற வரைக்கும் இந்த ஆளு இந்த வாசல்ல உக்காந்து எங்கூடப் பொட்டலங் கட்டுனான். எங்க போயி நவுத்துவான்?"

"உள்ள போ" என்றான் ராசப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"போறதுக்கா வந்தேன்? வாத்தியாரே, பெட்டியத் தொறங்க. இவரு ஒப்படைச்ச முடிச்ச அவுருங்க. இந்தாங்க அஞ்சாவது கலயம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு எல்லாருக்கும் காட்டுங்க. கலயத்துல வெச்சது புங்கங்கொட்டை, எங்கையால குடுத்தது. இவரு கொண்டாந்தது குந்துமணி. எங்கூட்டு அடுக்களையில மொளைச்சது!"

சுவாமிநாதன் முடிச்சை அவிழ்த்தார். கலயத்தை மேஜைமேல் கவிழ்த்தார். எல்லாரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்போது சன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏனுங்கண்ணா, சனிக்கெழம நீங்க பின்னடைக்குப் போவலீங்களா?"

இருபது பேரிடம் பொய் சொல்ல முடிந்தவனுக்கு அந்தச் சன்னலைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"இல்லடா அப்பு. சேலத்துல இருந்தேன்."

சன்னல் கதவு உள்ளிருந்து மூடிக்கொண்டது.

சுவாமிநாதன் கழுத்தில் தொங்கிய ஊதலைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆள் எண்ணாம உட்டது நான். போட்டோ எடுக்கணும்னு தலைவரு அவசரப்படுத்துனாருன்னு பாதியில நிறுத்திப்போட்டேன். எண்ணியிருந்தா வெளிச்சத்துலயே பையனத் தேடிப் போயிருப்போம். அதையும் எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார்கள். ராசப்பனிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

சென்னியம்மாள் படியிறங்கி வந்தாள். மகனை அடிக்கப் போகிறாள் என்று சௌந்திரம் நினைத்தாள். அவள் மகனைத் தாண்டி மருமகளின் எதிரில் வந்து நின்றாள்.

"முன்னாலயே உனக்குத் தெரியும். எங்கிட்ட வந்து காதோட சொல்ல உனக்கு நாக்கு இல்ல. ஊரக் கூட்டி எம்மவன் மானத்த வாங்கத்தான் நாக்கு வந்துச்சு. இந்த ஊட்டுல உனக்கு இனிச் சோறு இல்ல."

"அந்தச் சோத்த நாந்தானுங்கத்தை ஆக்கறேன்" என்றாள் சௌந்திரம். "குடிசையப் பிரிக்கச் சொன்ன ஆளுங்கள மொதல்ல நிறுத்துங்க."

"நிறுத்த மாட்டேன். அவன் வெச்ச கலயத்தாலதான எம்பையன் கெணத்துல உழுந்தான்? இன்னைக்கு இவ்வளவு கேவலமும் அவனாலதான?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். ராசப்பன் கோட்டோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான்.

மாதையன் இன்னும் வெயிலில்தான் நின்றான். சௌந்திரம் அவனிடம் போனாள். நன்றி சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் எதிர்பார்த்தாள்.

"உங்கள ஆருங்க அம்மிணி பேசச் சொன்னது?" என்றான் மாதையன்.

அவள் திகைத்துப் போனாள்.

"மத்தியானம் எசமான் குடிசைக்கு வந்தாருங்க. நாந்தான் நவுத்துனேன்னு சொல்லு, கூரைய ஆரும் தொடாம நான் பாத்துக்கறேன்னு மாரியாயி மேல சத்தியம் பண்ணுனாருங்க. சங்கம் போனாப் போகுது, ஊடு நிக்குமேன்னு ஒத்துக்கிட்டேன். இனி அந்தச் சத்தியம் என்னாகுமுங்க? இப்ப நாஞ் செய்யலீன்னு ஊருக்கே தெரியுது. தெரிஞ்சு? எங்க போயிப் படுக்கட்டும் நானும் அத்தாயியும்?"

"நீ செய்யாத தப்ப..."

"என்ற தப்பு, என்ற ஊடு. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது. அவள் புருஷனைக் கேட்டாள், வாத்தியாரைக் கேட்டாள், மாமியாரோடு மல்லுக்கு நின்றாள். காலையில் அத்தாயியைப் புழக்கடையில் 'இரு' என்று நிறுத்திவிட்டு உள்ளே போனவள், அவளை மறந்தே போனாள். யாருக்காக இத்தனையும் செய்தாளோ, அந்த இரண்டு பேரிடம் மட்டும் 'என்ன செய்யட்டும்' என்று கேட்கத் தோன்றவில்லை. பெரிய வீட்டுக் கோபமும் பெரிய வீட்டுப் புத்தியோடுதான் வருகிறது.

கோபம் தணியவில்லை. ஆனால் இப்போது அதில் பாதி அவள்மேலேயே திரும்பியிருந்தது.

"இப்பக் கேக்கறேன் மாதையா. உன்ற வாசல்ல நான் வந்து உக்காரட்டுமா?"

அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முன்னால் நடந்தான்.

குடிசை வாசலில் அத்தாயி சட்டி பானைகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சௌந்திரத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சௌந்திரம் நிலைப்படியில் உட்கார்ந்தாள். பட்டுக்கரைச் சேலை மண்ணில் புரண்டது. கூரையில் கை வைக்க வருகிறவன் முதலில் பெரிய வீட்டு மருமகள்மேல் கை வைத்துவிட்டு ஏறட்டும்.

பொழுது மலைக்குப் பின்னால் சாயத் தொடங்கியது. வாய்க்கால் கரையில் ஆட்கள் வருவது தெரிந்தது. மூன்று பேர், கையில் அரிவாளும் கடப்பாரையும். அவர்களுக்கு முன்னால் இன்னொருவன் வந்தான். கோட்டைக் கழற்றிவிட்டிருந்தான்.

ராசப்பன்தான். அவன் கையிலும் ஒரு கடப்பாரை இருந்தது.